இருதயத்தின் இடது பக்கம்

கோவர்த்தனன் வாத்தியாருக்கு மறதி அதிகம். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வருவார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார். ஆனால் நாகபூஷணம் செய்த காரியத்தை மட்டும் அவர் ஒரு நாளும் மறந்தது கிடையாது.

அது ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த வருஷம். நகரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் தமிழ் செக்‌ஷன் வாத்தியார்கள். சித்தூர் டிரெயினிங் ஸ்கூலில் ஒரே அறையில் படுத்து எழுந்தவர்கள். ஒருநாள் பொது விஞ்ஞான வகுப்புக்குக் கோவர்த்தனன் கசாப்புக் கடையிலிருந்து ஓர் ஆட்டு இருதயத்தைத் தேக்கிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வெறும் படத்தைக் காட்டினால் பிள்ளைகளுக்கு இடம் வலம் குழம்பிவிடும். புத்தகத்தில் போட்டிருக்கிற இருதயம் நமக்கு எதிரே நிற்கிற ஆளுடையது. அவனுடைய இடது பக்கம் நம்முடைய வலது கைப்பக்கம் வந்து நிற்கும். அதனால் அந்த இருதயத்தைத் தன் நெஞ்சின் மேலேயே வைத்துக் காட்டினார். சுத்த ரத்தம் இடது பக்கம், அசுத்த ரத்தம் வலது பக்கம் என்று பிள்ளைகளை அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வைத்தார். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

பக்கத்து வகுப்பில் இருந்த நாகபூஷணம் நேரே ஹெட்மாஸ்டரிடம் போனான். சரஸ்வதி குடியிருக்கிற இடத்தில் மாமிசம் நுழைந்துவிட்டது என்று மூட்டிவிட்டான். ஞாயிறு தவறாமல் அதே கடையில் கறி வாங்கித் தின்கிறவன் அவன். ஹெட்மாஸ்டரோ பூஜை புனஸ்காரக்காரர், ஆடித் தீர்த்துவிட்டார். பிள்ளைகள் பார்க்கப் பார்க்கக் கோவர்த்தனன் தன் கையாலேயே சாணித் தண்ணீர் விட்டு மேஜையைக் கழுவினார். நாகபூஷணம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். மாதம் முடிவதற்குள் இவரை மதனப்பள்ளிக்கு மேலே ஏதோ ஓர் ஊருக்குத் தூக்கியடித்தார்கள். இவருக்கு வரவேண்டிய சீனியர் இடம் அவனுக்குப் போயிற்று. அன்றோடு நாகபூஷணத்துக்கு ‘அவர்’ போடுவதைக் கோவர்த்தனன் நிறுத்திவிட்டார். நாமும் போட வேண்டாம்.

புது ஊரில் எல்லாம் தெலுங்கு, தமிழ் வகுப்பே கிடையாது. ஆகவே மகள் மங்கையைத் திருத்தணியில் மனைவி ரத்தினம்மாவின் தம்பி வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். லீவுக்கு லீவு மகளைப் பார்க்கிற பிழைப்பாகிவிட்டது. லீவு முடிந்து அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து ரத்தினம்மா மூலையில் உட்கார்ந்து அழும்போதெல்லாம், “இருடா, உன்னைப் பார்த்துக்கறேன்” என்று இவர் பல்லைக் கடிப்பார். யாரைச் சொல்கிறார் என்று ரத்தினம்மாவுக்குத் தெரியும்.

மைத்துனன் நல்லவன்தான், ஆனால் கறார் பேர்வழி. எட்டாம் வகுப்பு பப்ளிக் பரீட்சையில் பாஸ் பண்ணட்டும், ஹைஸ்கூலுக்கும் நானே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், பெயிலானால் பெண் பிள்ளைக்கு அந்தப் படிப்பு போதும், ஒரு நல்ல இடம் பார்த்து முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டான். மங்கைக்கு விஞ்ஞானம் என்றால் கொஞ்சம் தடுமாற்றம். அதனால் பொங்கல் லீவில் ஆட்டு இருதயம் வாங்கிவந்து அவளுக்கும் நெஞ்சில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மற்ற பாடம் எப்படியோ, அந்த ஒரு பாடம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

மார்ச்சில் பரீட்சை நடந்தது. ஏப்ரல் பிறந்ததும் எல்லைத் தகராறு தீர்ந்து, அதுவரை ஆந்திராவில் இருந்த திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயிற்று. தமிழில் எழுதிய பேப்பர்களைத் திருத்தத் தமிழ் தெரிந்த வாத்தியார்களைச் சித்தூருக்குக் கூப்பிட்டார்கள். கோவர்த்தனன் போய்ப் பார்த்தால், பொது விஞ்ஞானத்துக்குச் சீஃப் எக்ஸாமினர் நாகபூஷணம்.

மொட்டைத் தலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தான். திருப்பதியில் பள்ளிக்கூடங்களுக்கு டெபுடி இன்ஸ்பெக்டர் வேலை வரப்போகிறதாம். ஆர்டர் கைக்கு வருவதற்குள்ளேயே மலையேறி முடி கொடுத்துவிட்டு வந்திருந்தான். எல்லாருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டே வந்தவன் இவரிடம் வந்ததும் நின்றான்.

“இன்னா கோவர்த்தனம், பையில கறிகிறி எதுனா கொண்டாந்துக்கிறியா?”

ஹால் முழுக்கச் சிரித்தது. பழைய கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்று கோவர்த்தனனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் நீட்டிய லட்டை அப்படியே வாங்கிக்கொண்டார்.

திருத்துவதற்கு முன்னால் விடைக்குறிப்பை உரக்கப் படிப்பது வழக்கம். அதற்குக் ‘கீ’ என்று பெயர். தப்பு இருந்தால் எழுந்து சொல்லலாம். எல்லாரும் தலையாட்டிவிட்டால் அப்புறம் அதுதான் சட்டம். நாகபூஷணம் கணீரென்று படித்துக்கொண்டே வந்து, பத்து மார்க் இருதயக் கேள்விக்கு வந்தான். சுத்த ரத்தம் வலது பக்கம், அசுத்த ரத்தம் இடது பக்கம் என்று படித்தான். பாவி, படத்தைப் பார்த்து அப்படியே தன் கைப்பக்கத்தை எழுதிவைத்திருக்கிறான். ஆட்சேபணை உண்டா என்று கேட்டான். கோவர்த்தனன் வாயில் லட்டு இருந்தது. அதை மெதுவாக மென்று முழுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த லட்டு அவருக்கு அவ்வளவு இனித்தது.

கணக்குப் போட்டுவிட்டார். கடைசி நாள் ஜில்லா கல்வி அதிகாரி கையெழுத்துப் போட வருவார். அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. தப்பு ஊறட்டும். எல்லாப் பேப்பரிலும் ஏறட்டும். அப்புறம் அதிகாரி முன்னால் வைத்து உடைத்தால் டெபுடி இன்ஸ்பெக்டர் வேலை அங்கேயே புகைந்து போய்விடும். பேப்பர்களை மறுபடி திருத்திக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஆனாலும் இடது பக்கம் என்று சரியாக எழுதிய பிள்ளைக்கு முட்டை போடும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. பக்கத்தில் இருந்த பச்சையப்பன் கணக்கு வாத்தியார், ஆள் பற்றாமல் விஞ்ஞானத்துக்கு இழுத்து வந்தவர். இத்தனை பிள்ளைகள் இடது என்று எழுதியிருக்கிறார்களே, கீ சரிதானா என்று அவரே காதோடு கேட்டார்.

“கீயில இன்னா போட்டுக்கீதோ அத்தயே போடுய்யா. நமக்கு எதுக்கு வம்பு?” என்று கோவர்த்தனன் அவர் வாயையும் அடைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் மத்தியானம் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. திருத்தணிப் பேப்பர்களை முதலில் முடித்தாகிவிட்டது, மார்க்கோடு இன்றைக்கே மெட்ராஸ் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கட்டுகளில் ஏதோ ஒன்றில் மங்கையின் பேப்பர் இருக்கிறது. லாரி எல்லை தாண்டிவிட்டால் திருப்பி வாங்க முடியாது. கோவர்த்தனன் எழுந்துவிட்டார். கீயில் தப்பு என்று ஒரு வார்த்தை போதும்.

அந்த நேரம் பார்த்து நாகபூஷணம், “கோவர்த்தனம், எழுந்ததுதான் எழுந்த, ஒரு கை புடி. உம் மச்சான் ஊரு பேப்பர்தானே” என்றான். அந்தச் சிரிப்பு, வாசலில் நின்று வேடிக்கை பார்த்த அதே சிரிப்பு. இப்போது சொன்னால் என்ன ஆகும்? கீயைத் திருத்திக்கொள்வான், தாங்க்ஸ் என்பான், அடுத்த மாதம் திருப்பதியில் ஜீப்பில் போவான். மங்கை படித்திருக்கிறாள், ஒரு கேள்வி போனால் என்ன, மற்றதில் தேறிவிடுவாள். வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டு, போய்க் கட்டுகளுக்குக் கை கொடுத்து ஏற்றினார்.

கடைசி நாள் காலையில் கசாப்புக் கடைக்குப் போனார். அதிகாரி வந்து பேனாவைத் திறந்ததும், தேக்கிலைப் பொட்டலத்தைக் கொண்டுபோய் அவர் மேஜை மேலேயே பிரித்து வைத்தார். “ஏமய்யா இதி?” என்று அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கோவர்த்தனன் தெலுங்கிலேயே நிதானமாகச் சொன்னார். தண்டனையாகப் போன ஊரில் கற்றுக்கொண்ட தெலுங்கு அன்றைக்கு உதவியது. இருதயத்தை நெஞ்சில் வைத்துக் காட்டினார். பிளேடால் கீறி, தடித்த சுவர் உள்ள இடது பக்கம்தான் சுத்த ரத்தத்தை உடம்பு முழுக்கத் தள்ளுகிறது என்று காட்டினார். பிறகு கீயை எடுத்து நீட்டினார்.

நாகபூஷணத்தின் மொட்டைத் தலையில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. அதிகாரி அவனை எல்லாருக்கும் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஜில்லாவில் உள்ள பேப்பரெல்லாம் மறுபடி திருத்த வேண்டும், டெபுடி இன்ஸ்பெக்டர் சிபாரிசை வாபஸ் வாங்குகிறேன் என்றார். திருத்தணிக்குப் போனது போனதுதான், எழுதிப் பார்க்கலாம், அவர்கள் கேட்டால் உண்டு என்றும் சொன்னார். அது கோவர்த்தனன் காதில் பாதிதான் விழுந்தது. அவர் கண் மேஜை மேலேயே இருந்தது. மேஜையெல்லாம் ரத்தம். அதிகாரி கழுவச் சொன்னார். பியூனைக் காணவில்லை. கோவர்த்தனன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் நாகபூஷணம்தான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினான். இவர் வாசலில் போய் நின்று, கடைசிச் சொட்டுத் துடைக்கிறவரைக்கும் பார்த்தார். வயிறு குளிர்ந்து போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்டு இருதயம் வாங்கி மிளகு போட்டு வறுக்கச் சொன்னார். மங்கையும் லீவுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். முதல் நாளே கண்டுபிடித்ததையும், லட்டை மென்றதையும், கடைசி நாள்வரை கம்மென்று இருந்ததையும் சொன்னார். மங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். லாரியைப் பற்றி அவர் சொல்லவில்லை.

ரிசல்ட் வந்த அன்று அப்பாவும் மகளும் திருத்தணிக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்துப் பலகையில் அவள் நம்பர் இல்லை. உள்ளே போய் விசாரித்தார். மற்றதில் எல்லாம் பாஸ், பொது விஞ்ஞானத்தில் மட்டும் ஆறு மார்க் குறைச்சல். மைத்துனன் கூடவே வந்திருந்தான். ஒன்றும் கோபப்படவில்லை. சோளிங்கரில் ஒரு பையன் இருக்கிறான், ஆவணியில் பேசி முடிக்கலாம் என்று மட்டும் சொன்னான்.

பஸ் ஸ்டாண்டில் மங்கை அழாமல்தான் நின்றாள்.

“நீ சொன்னாப்பல இடது பக்கம்னுதான் எழுதினேன் நைனா.”

“உம்மேல தப்பு இல்லம்மா. எல்லாம் கீ எழுதினானே அந்த நாகபூஷணம், அவனால வந்தது.”

மங்கை அவர் பக்கம் திரும்பினாள். “நீதான் மொத நாளே கண்டுபுடிச்சிட்டியே. எங்க ஊரு பேப்பர் என்னிக்கிப் போச்சு?”

“ரெண்டாம் நாளு,” என்றார் கோவர்த்தனன்.

திருப்பதி பஸ் வந்ததும் மங்கை ஏறி, முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். கோவர்த்தனன் பின் சீட்டில் உட்கார்ந்து நாகபூஷணத்தைத் திட்டப் பார்த்தார். ஆறு வருஷமாக நாக்கு நுனியிலேயே இருந்த திட்டு, நகரி தாண்டியும் ஒன்றுகூட வரவில்லை.