முதலாளிக்குத் தெரிஞ்சிருக்கும்

பிளேஸ்டோவில் வசித்த பியற்றிஸ், ஜெர்மனியில் உணவகச் சமையலறைகளில் நின்று தேய்ந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள். இங்கே படித்து மொழிபெயர்ப்பாளரானாள். ஆஸ்பத்திரிகளும் அகதி வழக்குகளும் அவளுக்குப் பழகியிருந்தன. 2006 மாரிக் குளிரில்தான் முதன்முதலாக ஒரு கப்பல் வழக்குக்குக் கூப்பிட்டார்கள்.

புயலில் மூழ்கிய சரக்குக் கப்பலில் இறந்தவர்களில் தெற்கு லண்டன் சட்டனைச் சேர்ந்த கணேசலிங்கமும் ஒருவர். அவர் கப்பல் ஆள் அல்ல. குளிரூட்டி திருத்த வேறொரு கம்பனி அனுப்பிய என்ஜினியர். வழக்குப் போட்டவள் அவர் மனைவி சுசிலா. சுசிலாவின் வக்கீல் ஷான், மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வழக்கில் வரப்போகும் சொற்களைத் தெரிந்துகொள்ள பியற்றிஸ் அவரிடம் விளக்கம் கேட்டாள்.

“பழைய விஷயங்க. ஆயிரத்து எழுநூறுகள்ல, ஏத்தின தங்கத்தை ஒரு கேப்டனே சுருட்டிட்டான். வழக்கு கப்பல் முதலாளி மேல வந்துச்சு. லண்டன் கப்பல்காரங்க பயந்து பார்லிமென்டுக்கு ஓடினாங்க. முதலாளிக்குத் தெரியாம ஆளுங்க திருடினா, கப்பல் மதிப்பும் அந்தப் பயணத்துச் சரக்குக் கூலியும் வரைக்கும்தான் அவர் பொறுப்புன்னு சட்டம் வந்துச்சு. ஹாலந்துல அதுக்கு முன்னாடியே இப்படி ஒரு எல்லை உண்டு.”

“இப்பவும் அதே சட்டமோ?”

“நிறைய மாறிடுச்சு. ஆனா நஷ்டஈட்டுக்கு எல்லை இருக்கு. அதை உடைக்கணும்னா, ஆபத்து வரும்னு முதலாளிக்கே தெரிஞ்சும் துணிஞ்சு அனுப்பினார்னு காட்டணும். அது லேசுல நடக்காது.”

விசாரணை நாளில் சாட்சிக் கூண்டில் ஏறியவர் தேவராசா, உயிர் தப்பிய மாலுமி. கடல்நீர் புகாமல் தடுக்கும் சரக்கறை மூடி பழுதென்று முதலாளிக்குத் தெரியுமா என்று, சுசிலாவுக்காக வாதாடிய பாரிஸ்டர் கேட்டார். பியற்றிஸ் தமிழில் கேட்டாள்.

தேவராசா பின்வரிசையை ஒருமுறை பார்த்தார். “தெரிஞ்சிருக்கும்.”

“அவருக்குத் தெரியும்” என்று அவள் வாய் ஆங்கிலத்தில் முந்திவிட்டது.

பாரிஸ்டர் திருப்தியோடு உட்காரப் போனார். அப்போதுதான் பியற்றிஸுக்கு உறைத்தது. அந்த மனிதர் சொன்னது ஊகம்; அவள் அதைச் சாட்சியமாக்கிவிட்டாள். ஷான் எழுதுவதை நிறுத்தியிருந்தார், தலை நிமிரவில்லை. சுசிலா நேராக அவளையே பார்த்தாள். அந்தப் பார்வை கெஞ்சியது. பேசாமல் விட்டால் ஒரு விதவைக்கு நீதி கிடைக்கலாம்.

அவள் எழுந்து நீதிபதியிடம் திருத்தம் சொன்னாள். தமிழில் அந்தச் சொல் வெறும் ஊகமாகவும் இருக்கலாம், பிழை தன்னுடையது என்றாள். ஷான் கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி சாட்சியின் பக்கம் திரும்பினார். பியற்றிஸ் தமிழில் சொன்னாள்: “ஊகிச்சுச் சொல்லுறீங்களோ, கண்டு சொல்லுறீங்களோ எண்டு கேக்கிறார்.”

பின்வரிசையில் முதலாளியின் ஆள் அமர்ந்திருந்தான். தேவராசா அவனைப் பார்த்தார், பிறகு சுசிலாவைப் பார்த்தார். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கண்டனான். துறைமுகத்தில முதலாளி ஏறி வந்தவர். அந்த மூடியில கால் வைக்க அது கீழ இறங்கினது. இதோட வெளிக்கிட்டா ஒருத்தரும் மிஞ்ச மாட்டம் எண்டு கப்டன் சொன்னவர். ‘தறப்பாள் சீலையைப் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு போ’ எண்டவர் முதலாளி. கட்டினது நான்தான்.”

“முதலே இதை ஏன் சொல்லேல்லை எண்டு நீதிபதி கேக்கிறார்” என்றாள் பியற்றிஸ்.

“இப்பவும் அவரின்ர மற்றக் கப்பலிலதான் எனக்கு வேலை.”

எதிர்த்தரப்பு பாரிஸ்டர் அவரைப் பின்னேரம் வரை குடைந்தார். தேவராசா ஒரு சொல்லும் மாறவில்லை.

வெளி நடையில் சுசிலா பியற்றிஸை மறித்தாள்.

“நீங்கள் எழும்பின நேரம் உங்களைக் கொல்ல வேணும் போல இருந்ததக்கா.”

“எனக்கு விளங்குது” என்றாள் பியற்றிஸ்.

வசந்தத்தில் தீர்ப்பு வந்தது. முதலாளி அறிந்தே அனுப்பினார், எல்லை அவருக்குப் பொருந்தாது என்று நீதிபதி எழுதியிருந்தார். தேவராசாவை அந்தக் கம்பனி திரும்ப எடுக்கவில்லை. அவர் வேறொரு நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் கடலுக்குப் போய்விட்டதாக ஷான் போனில் சொன்னார். லூயிஷாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதைக் கேட்ட பியற்றிஸ், ஒரு கணம் அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு உள்ளே வேலைக்குப் போனாள்.