நாலு கேன் தண்ணீர்

ராம்கிலாடியின் மோட்டார் சைக்கிளில் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் வண்டியோடு வந்தவை அல்ல. வண்டியோடு வந்ததை வாங்கிய மாதமே கழற்றி வைக்கோல் பரணில் போட்டுவிட்டான். நாற்பது லிட்டர் பால் கேன் நாலைப் பின்னால் மாட்டிக்கொண்டு, கல் லாரிகள் உழுதுபோட்ட ரோட்டில் இருபத்திரண்டு கிலோமீட்டர் போகிறவனுக்கு அந்த ஸ்பிரிங் எந்த மூலைக்கு? பழைய இரும்புக் கடையில் விரல் தடிமனில் இரண்டு ஸ்பிரிங் தேடிப்பிடித்தான். அது போதாமல் சுருளுக்கு நடுவே டிராக்டர் டயரைத் துண்டு துண்டாக வெட்டிச் செருகினான். அவன் ஊரான கைராபுராவில் பால்காரர்கள் ஏழு பேர். ஏழு பேர் வண்டியும் இப்படித்தான். கேன் இல்லாதபோது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வெட்டுக்கிளி மாதிரி நிற்கும்.

ஷாக் வேலைக்கு அவர்கள் மெக்கானிக்கிடம் போவதில்லை. மழைக்காலம் முடிந்ததும் முற்றத்திலேயே நடக்கும். ராம்கிலாடி வண்டியை ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்கு அடியில் கல் பலகை வைத்துப் பின்சக்கரத்தைத் தொங்கவிடுவான். மேல் போல்ட், கீழ் போல்ட். கழற்றிய ஷாக்கை நிறுத்தி ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் மேல்மூடியின் பூட்டு விடும். அமுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவன் மனைவி கம்பூரி. கடப்பாரையின் ஒரு முனையைச் சுவர் ஓட்டையில் கொடுத்து, மறுமுனையில் அவள் ஏறி உட்கார்ந்துகொள்வாள். நல்ல கனமான பெண். ஒரு வருஷம் அவள் எதற்கோ சிரித்ததில் கடப்பாரை நழுவி, ஸ்பிரிங் எகிறி, ராம்கிலாடியின் முன்பல் ஒன்று போயிற்று.

"பல்லுதானே போச்சு. வாயி இருக்குல்ல," என்றாள்.

இந்த வருஷம் அவள் ஏறி உட்கார்ந்தபோது ஸ்பிரிங் அசையவில்லை.

"என்ன, காத்தா உக்காந்திருக்கு?" என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ரவிக்கை தோளில் தொங்கியது. வளையல்கள் முழங்கை வரை ஏறி நின்றன. முதுகு வலிக்கிறது என்று அவள் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எருமைக்காரிகள் எல்லாரும் சொல்வதுதான் என்று கடுகெண்ணெய் தேய்க்கச் சொன்னதோடு விட்டிருந்தான்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"டிபி."

"அவ இருமறதே இல்லையே, டாக்டர் சாப்."

"இது எலும்புல வந்திருக்கு. யாருக்கும் ஒட்டாது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, மூணு மாசம். ஊசியைவிட முக்கியம், இங்க பாரு, இந்த எலும்பு கரையான் அரிச்ச மாதிரி இருக்கு. குலுங்கக் கூடாது. குலுங்கி நகந்துதுன்னா ரெண்டு காலும் போயிரும்."

"இருபத்திரண்டு கிலோமீட்டர் வரணுமே."

"படுக்க வச்சுக் கூட்டிட்டு வா."

"எதுல?"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஷேர் ஜீப்பில் இருபது பேர் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போவார்கள். அதில் படுக்கையாவது. ஆகவே வண்டிதான். இடுப்புக்கு ஆஸ்பத்திரி பெல்ட்டைக் கட்டி, அவளைச் சீட்டில் பக்கவாட்டில் உட்காரவைத்து, கால்களைக் கேன் மூடிமேல் வைத்து, தன் தலைப்பாகைத் துணியால் அவளைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொள்வான்.

ஒன்றில் மட்டும் இருவரும் உறுதியாக இருந்தார்கள். வியாதியின் பெயர் வெளியே போகக் கூடாது. பால்காரன் வீட்டில் டிபி என்று ஒரு வாய் சொன்னால் போதும், அதற்கப்புறம் ஒட்டுமா ஒட்டாதா என்று யாரும் டாக்டரைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். டவுனில் இருக்கும் அக்காவுக்குத் துணையாகப் போகிறாள் என்று ஊரில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியின் பக்கவாட்டுக் கேட்டில் அவளை இறக்கிவிட்டுத்தான் ராம்கிலாடி பால் ஊற்றப் போவான்.

முதல் வாரமே வண்டியை முற்றத்தில் பிரித்தான். டயர்த் துண்டுகளைக் குறடால் பிடுங்கி எறிந்தான். ஷாக்குக்குள் இருந்த கெட்டி எண்ணெயைக் கவிழ்த்துவிட்டு, கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிய ஊசிக்குழாயில் மெல்லிய எண்ணெயை அளந்து இரண்டிலும் ஒரே அளவாக விட்டான். பின்சக்கரச் சட்டத்தின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தது, புதிது போட்டான். பரணில் கிடந்த பழைய ஸ்பிரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினான். அமுக்குவதற்குப் பக்கத்து வீட்டு ஹன்ஸ்ராஜ் வந்தான்.

"என்ன சித்தப்பா, மாப்பிள்ளை ஊர்வலமா? இவ்வளவு மெத்துன்னு வைக்கிறே?"

"அமுக்குடா, பேசாம."

மறுநாள் நாலு கேனையும் மாட்டியதும் வண்டி தரையோடு உட்கார்ந்தது. முதல் பள்ளத்திலேயே டயர் மட்கார்டில் போய் இடித்தது. கம்பூரி அவன் தோளைக் கடித்துக்கொண்டாள். அன்று மாலையே தடித்த ஸ்பிரிங் மறுபடி ஏறியது.

போகும்போது பரவாயில்லை. பால் கனத்தில் ஸ்பிரிங் இறங்கிக் கொடுத்தது. திரும்பும்போதுதான் சனியன். காலிக் கேன்கள் கடகடக்க, வண்டி ஒவ்வொரு கல்லிலும் கழுதை மாதிரி பின்னங்காலால் உதைத்தது. நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பார்த்தான். டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தான். ஷாக்கின் அடியில், படிப்படியாக வெட்டிய வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கைக் கடைசிப் படிக்கு இறக்கிப் பார்த்தான். அவனும் அவளும் சேர்ந்து உட்கார்ந்தும் அந்த இரும்பை ஒரு விரல் இறக்க முடியவில்லை.

அப்படியிருக்க, ஒருநாள் இனிப்புக் கடை மங்த்தூராம் வீட்டில் சாவு. கடை இல்லை. இரண்டு கேன் பால் அப்படியே திரும்பி வந்தது. வழியெல்லாம் திரிந்துபோகுமே என்று ராம்கிலாடி புலம்பிக்கொண்டே ஓட்டினான். பாதி வழியில் பின்னாலிருந்து கம்பூரி கேட்டாள்:

"ரோடு போட்டுட்டாங்களா?"

"எந்த ரோடு?"

"இதுதான். இன்னைக்கு வலிக்கலையே."

அவன் வண்டியை நிறுத்தினான். பாரம் ஏற்றினால் வண்டி மெத்தென்று போகும் என்பது எந்தப் பால்காரனுக்கும் தெரிந்ததுதான். இத்தனை வருஷமாக அது பாலுக்கு நல்லது என்று மட்டுமே நினைத்திருந்தான்.

அடுத்த ஊசி நாளில், பால் ஊற்றி முடித்து வந்து, ஆஸ்பத்திரிக் குழாயடியில் நாலு கேனையும் நிரப்பினான். கழுத்துவரை நிரப்ப வேண்டும். அரைக் கேன் தண்ணீர் வளைவுகளில் அலைந்து வண்டியை இழுக்கும். வீட்டுக்கு வந்து அதை எருமைத் தொட்டியில் கொட்டினான். கம்பூரி தானாக இறங்கி நாலு எட்டு நடந்து கட்டிலுக்குப் போனாள்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஊசி இன்னும் பதினான்கு இருந்தது. கம்பூரி சுவரைப் பிடிக்காமல் அடுப்புவரை போய், கம்பு ரொட்டி இரண்டு தட்டினாள். ஒன்று கருகியது. ராம்கிலாடி கருகியதைத் தான் எடுத்துக்கொண்டான்.

குழாய்க்கு எதிரே பர்சாதியின் டீக்கடை. பால்காரன் ஒருவன் பட்டப்பகலில் பால் கேனில் தண்ணீர் பிடிப்பதை எத்தனை நாள்தான் ஒருவன் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பான்?

"டேய், இவனைப் பாருங்கடா. மத்தவன் திருட்டுத்தனமாக் கலக்குவான். இவன் சர்க்கார் குழாயிலேயே கலக்குறான்."

"அவங்க ஊர்ல தண்ணி இல்லையா?"

"ஆஸ்பத்திரித் தண்ணிடா. மருந்து இருக்கும். பால் திரியாது."

"அப்ப எங்க வீட்டுப் பிள்ளைக்குச் சளி பிடிக்காம இருந்தது இதனாலதானா!"

சிரிப்பு டீக்கடையிலிருந்து தெருவுக்குப் போனது. வாடிக்கையில் ஆறு வீடுகள் ஒரே வாரத்தில் நின்றன. மங்த்தூராம் அவனைக் கடைக்குப் பின்னால், கலாகந்து கிண்டும் சட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ராம்கிலாடி, நீ கலக்கலேன்னு எனக்குத் தெரியும். தினம் லாக்டோமீட்டர் போட்டுத்தானே வாங்குறேன். ஆனா என் கடையில திங்கிறவன் நாக்குல லாக்டோமீட்டர் இல்லையே. எதுக்குய்யா தண்ணி பிடிக்கிறே?"

"கனத்துக்கு, லாலாஜி."

"எதுக்குக் கனம்?"

"வீட்டுக்காரிக்கு முதுகு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். முதுகுக்கு என்ன என்று அவர் கேட்பார். அதற்குச் சொல்லும் பதில் ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறை வாசலில் போய் முடியும். வேறு ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு உடனே பொய் வராது.

"முதுகுக்கும் தண்ணிக்கும் என்னய்யா?"

அவன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"இனிமே உன் கேன்ல தண்ணியைப் பாத்தேன்னா, வேற ஆளைப் பாத்துக்கிறேன். என் கடைப் பேருக்கு நான் பாத்துக்கணும்ல."

வெளியே வந்தான். பால் வாங்க மங்த்தூராமும் இல்லை என்றால் எருமைகளை விற்க வேண்டியதுதான். எருமை இல்லாவிட்டால் பெட்ரோல் இல்லை, பெட்ரோல் இல்லாவிட்டால் ஊசியும் இல்லை. அவன் கணக்கு இப்படித்தான் ஓடியது. மணல் மூட்டை, செங்கல் என்றெல்லாம் பிறகு யோசனை வந்தது. அன்று வரவில்லை.

குழாயடிக்கு வந்தபோது, மங்த்தூராம் கூப்பிட்டனுப்பும் முன்பே பிடித்துவைத்த நாலு கேனும் நிரம்பி நின்றன. பர்சாதியின் கடையில் பெஞ்சு நிறைய ஆட்கள். மங்த்தூராம் கடைப் பையனும் டீ வாங்க வந்திருந்தான்.

"வந்துட்டாருய்யா கங்கை புத்திரர்," என்றான் பர்சாதி.

ராம்கிலாடி முதல் கேனைத் தூக்கி ரோட்டின் நடுவில் கவிழ்த்தான். பிறகு இரண்டாவது. நாலையும் கவிழ்த்து, வாயைத் தரையில் தட்டி, காலிக் கேன்களை அவர்கள் பக்கம் காட்டினான்.

"பாத்துக்கங்க எல்லாரும். சொட்டு இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர், "சரிப்பா, சரி, விடு," என்றார். அவனுக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது.

கம்பூரியைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். ஷாக் வளையத்தைக் கடைசிப் படிக்கு இறக்கியிருந்தான். டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தான். ஊர் எல்லை தாண்டியதும் கேன்கள் பேச ஆரம்பித்தன.

"காலியா?" என்றாள்.

"ம்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. துணியை ஒரு சுற்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் நெற்றி அவன் முதுகில் வந்து முட்டியது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினான். இறங்கி நடக்கவைக்க முடியாது, நிறுத்தித் தண்ணீர் பிடிக்க வழியில் கிணறுகூட இல்லை. அந்த வருஷம் எல்லாம் வற்றியிருந்தது. வறண்ட ஓடையின் குறுக்கே கல் பாவிய இடத்தில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கினான். பின்சக்கரம் ஒரு விளிம்பிலிருந்து கீழே விழுந்தது. ஸ்பிரிங் அதை அப்படியே மேலே அனுப்பியது. அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான்.

அதற்குப் பிறகு நெற்றி முட்டுவது நின்றுவிட்டது. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

முற்றத்தில் வண்டியை நிறுத்தி முடிச்சை அவிழ்த்தான்.

"இறங்கு."

"இறக்கி விடேன்."

"காலை எடு முதல்ல."

அவள் கீழே குனிந்து கேன் மூடிமேல் இருந்த பாதங்களைப் பார்த்தாள். யாருடையதோ என்பதுபோல.

"நீ எடு," என்றாள்.

ஜெய்ப்பூருக்கு ஜீப்பில் கட்டிலோடு வைத்து, அடியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனார்கள். முதுகில் தகடு வைத்தார்கள். எலும்பு நிலைத்துவிட்டது என்றார்கள். கால் வருமா என்று கேட்டதற்கு, வந்தால் ஆறு மாதத்தில் வரும் என்றார்கள். ஆறு மாதமும் போயிற்று.

டவுனில் ராம்கிலாடிக்கு நல்ல பெயர். நடுரோட்டில் நாலு கேனையும் கவிழ்த்துக் காட்டியவன் என்று பர்சாதியே இப்போது புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறான். நின்றுபோன ஆறு வீடும் திரும்ப வந்தன. மங்த்தூராம் இன்னொரு கேன் கூடக் கேட்கிறார்.

மகள் கேசந்தி புகுந்த வீட்டிலிருந்து பத்து நாள் வந்து இருந்தாள். டவுனில் பேசிக்கொண்டதை அவள்தான் கேட்டுவந்து சொல்லியிருக்க வேண்டும். அவள் கிளம்பிப்போன அன்று மத்தியானம், ராம்கிலாடி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது கம்பூரி கேட்டாள்:

"கேசந்தி அப்பா, அன்னைக்கு எத்தனை பேர் பாத்தாங்க?"

"எதை?"

"தண்ணியைக் கொட்டினதை."

"பத்துப் பன்னெண்டு பேர் இருக்கும்."

"லாலா கடைப் பையனும் பாத்தானா?"

"பாத்தான்."

"எல்லாரும் நல்லாப் பாத்தாங்கல்ல?"

"பாத்தாங்க."

"அப்பச் சரி," என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முகம் மட்டும்தான் திரும்பியது. மற்றதைத் திருப்ப அவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வர வேண்டும்.