ரப்பர் காய் ஏன் வெடிக்கிறது?

எங்கள் ஊரில் மரங்கள் சுடுவதில்லை. இங்கே சுடும். வெயில் ஏறியதும் ரப்பர் காய்கள் மரத்திலேயே படார் படாரென்று வெடித்து, பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையில் கொட்டைகளை எறியும். மன்னார்குடிப் பக்கமிருந்து கப்பலேறி, மலாயாவின் கெடாவில் பாடாங் மேஹாவை ஒட்டிய ஒரு தோட்டத்துக்கு வாத்தியாராக வந்த எனக்கு, அந்தச் சத்தம் பழக இரண்டு வருடமாயிற்று. பழகி முடித்தபோது ஜப்பான்காரன் வந்தான்.

பழைய பாடப்புத்தகங்களைப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார்கள். காலையில் ஜப்பானியப் பாட்டு. அதன் பிறகு சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் பிள்ளைகளின் சண்டையையே பாடமாக்கினேன். நீ சொல்வது என்ன, அதற்கு எதைப் பார்த்தாய், பார்த்ததிலிருந்து அது எப்படித் தெரிகிறது? மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவர்தான் வாதாடலாம். ஊரில் நான் படித்த காலத்தில் ‘ஏன்’ என்று கேட்டதற்காக அரை நாள் முட்டி போட்டிருக்கிறேன். அந்தக் கோபமும் இதில் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

காய் ஏன் வெடிக்கிறது என்பதில் மூன்றாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

“வெயில்ல காஞ்சுதான் வெடிக்குது” என்றாள் அஞ்சலை.

“முத்துனா தானா வெடிக்கும் லா. எங்கப்பா சொன்னாரு” என்றான் கோவிந்தன்.

“அப்பா சொன்னா ஆதாரம் ஆயிடுமாடா?”

“அவரு பாத்துட்டுத்தான் சொன்னாரு, வாத்தியாரே.”

“அப்ப நாமும் பாத்துடுவோம்” என்றேன். ஆகவே சோதனை. ஒரே மரத்தில் ஆறு காய் பறித்து, மூன்றை ஜன்னல் வெயிலிலும் மூன்றை ஈரச் சாக்கிலும் வைத்தோம்.

மூன்றாம் நாள், பள்ளியைப் பார்வையிட ஒரு ஜப்பானிய அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு வந்தார். பிள்ளைகள் குனிந்து வணங்கிய நேரத்தில் ஜன்னலில் ஒரு படார். நிமிர்ந்து பார்த்தால் அதிகாரி என் மேசைக்கு அடியில் இருந்தார். துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. அது என்னவென்று அங்கிருந்தபடியே மலாயில் கேட்டார். வெடிக்கிற பழம் என்று சொல்ல நினைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் “புவா மெலெத்துப்” என்றேன். ‘வெடிக்கிற’ மட்டும் அவருக்குப் புரிந்தது. சிப்பாய்கள் குண்டைத் தேடி சிலேட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அப்போது இரண்டாவது காயும் வெடிக்க, அவர்களும் தரையில் படுத்தார்கள். இன்றோடு தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அஞ்சலை நேராகப் போய், வெடித்த ஓடுகளையும் சாக்கிலிருந்த முழுக் காய்களையும் அதிகாரியின் முன்னால் வைத்தாள். வெயிலைக் காட்டினாள், சாக்கைக் காட்டினாள், வாயால் “படார்” என்றாள். அவர் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, காய்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மூடா” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“திட்டல, வாத்தியாரே. மலாயில மூடான்னா பிஞ்சு. சாக்குல இருந்தது பிஞ்சா இருக்கலாம்ங்கறாரு” என்றான் கோவிந்தன். தன் கட்சிக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

அதிகாரி அந்தச் சாக்குக் காய்களைத் தன் கையாலேயே வெயிலில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்து, பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். மூன்றும் வெடித்தன. அஞ்சலையைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். “வெயிலு முத்த வச்சிருச்சு” என்று கோவிந்தன் முனகினான்.

போகும்போது அதிகாரி என்னிடம் “கம்போங்?” என்றார். ஊர் எது என்கிறார். ஜன்னல் வழியாக மேற்கே கை நீட்டினேன். அஞ்சலை அவரைக் கேட்க, அவர் கிழக்கே நீட்டினார். கோவிந்தன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “எனக்கு இதுதான்” என்று தரையைக் காலால் தட்டினான். அதிகாரி கையை இறக்கிக்கொண்டார். என் கை மட்டும், ஊர் சரியாக எந்தப் பக்கம் என்று தெரியாமல், ரப்பர் மரங்களின் மேலே கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியுமாக நகர்ந்துகொண்டிருந்தது.