மூன்றாவது குமிழின் கரகரப்பு

என் தம்பி சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். டிவி பார்க்கும்போது நாற்காலிக் கையை நகத்தால் சுரண்டுவான். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மெக்கானிக். "லிஃப்ட் கத்துது" என்று புகார் வந்தால் அவனைத்தான் அனுப்புவார்கள். எண்ணெய் போட்டு, உருளை மாற்றி, சத்தத்தை அடக்கிவிட்டு வருவான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அடக்கியதையெல்லாம் அவிழ்த்துவிடுவான்.

"பகலெல்லாம் சத்தத்த நிறுத்தச் சம்பளம் வாங்குற. சாயங்காலம் நீயே கத்த விடுற. உனக்கே நல்லாருக்கா?" என்பாள் அம்மா.

"அங்க நிறுத்துறேன்ல, அது எங்கயாவது போய்ச் சேரணுமில்ல?"

அவன் வாத்தியங்கள் ஒரு பழைய சூட்கேசுக்குள் அடங்கும். கழற்றிப்போட்ட லிஃப்ட் பட்டன் பலகை, கதவுச் சுருள்வில் ஒன்று, எதன் மேல் ஒட்டினாலும் அதன் அதிர்வை வாங்கிக் கொடுக்கும் காசளவு மைக், நாடா இழுபடும் கேசட் பிளேயர். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சின்ன மிக்ஸர். மேடையில் பாடுகிறவர்களின் மைக்கையெல்லாம் சேர்க்கும் அதே பெட்டிதான். இவன் அதில் பாட்டு எதையும் செருக மாட்டான். வெளியே போகும் ஒயர்களில் ஒன்றைத் திருப்பி அதன் வாயிலேயே செருகிவிடுவான். தன் குரலைத் தானே கேட்டுக் கேட்டுப் பெட்டி வெறிபிடித்து ஊளையிடும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களை மயிரிழை நகர்த்தி அந்த ஊளையை மேய்ப்பான். மூன்றாவது குமிழில் தூசி அடைந்து, அடியில் ஒயரைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று ஒன்று விட்டிருந்தது. தொட்டால் கரகரவென்று, தொண்டையில் எதுவோ சிக்கிய ஆள் பேச முயல்வதுபோல ஒரு சத்தம் வரும். சத்தங்களையே வாசித்துக் காட்டும் அவனுடைய நிகழ்ச்சி எல்லாமே அந்தக் கரகரப்பைச் சுற்றிக் கட்டியதுதான்.

அப்பா நேர் எதிர். ஆலையில் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் கதவு கிறீச்சிடாது, குழாய் சொட்டாது. மகனின் அறையைக் கடக்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வார். "என்னமோ ரிப்பேர்" என்பார். ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை.

இதயத்தில் கோளாறு என்று தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் அடங்கவில்லை. "அக்கா, என் மெஷினுக்கும் பக்கத்து பெட் மெஷினுக்கும் சுருதி சேரல, கேளு" என்றான். நர்ஸ் வந்து, "கைய ஆட்டாதீங்க, மெஷின் கத்துது" என்றால், "கத்தட்டும் சிஸ்டர், நல்லாத்தான் கத்துது" என்பான்.

அடுத்த ஞாயிறு அவனுக்கு நிகழ்ச்சி இருந்தது. மாடி அறைகளிலும் காலிக் கிடங்குகளிலும் வாசித்தவனுக்கு முதல்முறையாக ஒரு நிஜ அரங்கம். டாக்டர் அரைமனதாக அனுமதித்தார்: பெட்டி தூக்கக்கூடாது, உட்கார்ந்தே வாசிக்கவேண்டும். இன்னொரு மேடை கிடைக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

வீடு திரும்பியபோது அப்பா வாசலிலேயே காத்திருந்தார்.

"உன் பெட்டிய நானே பாத்து வெச்சிட்டேன்டா. எவ்ளோ தூசி! ஈயப் பத்து ஒண்ணு வேற விட்டிருந்துச்சு, புதுசா வெச்சேன். இனிமே கரகரன்னு மானத்த வாங்காது. ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

தம்பி மூன்றாவது குமிழைத் திருப்பினான். வழுக்கிக்கொண்டு போனது. "சூப்பர்ப்பா" என்றான்.

அறைக்குள் வந்ததும், "போச்சுக்கா. ஊமையாக்கிட்டாரு" என்றான். கால் நிற்காமல் ஆடியது.

"சொல்லிடேன்."

"முதல் தடவையா வரேங்கிறாரு. நீ வாயத் திறந்த, பாத்துக்க."

ஞாயிறு வரை அவன் வேறு தூசி தேடினான். குமிழுக்குள் மாவு தூவிப் பார்த்தான். சாம்பல் போட்டுப் பார்த்தான். பெட்டியைப் பிடித்து உலுக்கினான். அப்பா வைத்த பற்று அசைந்து கொடுக்கவில்லை; பெட்டியைத் திறந்து அதைப் பிடுங்க அவனுக்கு மனசும் வரவில்லை.

அரங்கத்தில் அவனுக்கு முன்னால் வாசித்தவர் ஒரு பல் டாக்டர். நிகழ்ச்சியை நடத்துபவரும் அந்த அம்மாதான். பல் துளைக்கும் பழைய கருவியைத் தகரத் தட்டுகளில் ஓட்டினார். என் அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்கு டிக்கெட் வேறயா? இவங்க கிளினிக் வாசல்ல நின்னா சும்மாவே கேக்கலாமே."

தம்பி வந்து உட்கார்ந்தான். ஊளை எழுந்தது, கண்ணாடிபோல ஒரே சீராக. மூன்றாவது குமிழ் அதை ஏற்றியது, இறக்கியது, அவ்வளவுதான். கூட்டத்தில் இருமல் கேட்டது. அப்பா என் காதருகே குனிந்து, "பாத்தியா, எவ்ளோ சுத்தமா இருக்கு" என்றார். நான் மேஜைக்கு அடியில் தம்பியின் காலைப் பார்த்தேன். அது ஆடவில்லை.

பிறகு அவன் அந்தக் காசளவு மைக்கை எடுத்து மிக்ஸரின் மேலேயே ஒட்டினான். திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவும் கழலும்போது பெரிய இரும்புக் கதவு திறப்பதுபோல அரங்கம் முனகியது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். தான் செய்த ரிப்பேரைத்தான் அவன் கழற்றப்போகிறான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

கடைசி ஸ்க்ரூ வரவில்லை. தம்பி மறுபடி மறுபடி முயன்றான். திருப்புளி வழுக்கும் ஒவ்வொரு முறையும் காதைக் கிழித்தது.

"டேய், அழுத்திட்டுத் திருப்புடா! மரை போயிடும்!" அப்பா எழுந்தேவிட்டார்.

எல்லோரும் திரும்பினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். தம்பி சிரித்துவிட்டான்.

"நீங்க முடுக்குனதுதானே? நீங்களே வந்து கழட்டுங்க."

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டே மேடையேறினார். ஸ்க்ரூவைக் கழற்றி வழக்கம்போலச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூடியைத் தூக்கினார்.

"எது?"

தம்பி காட்டினான். தான் வைத்த ஈயத்தைத் தானே திருப்புளி முனையால் நெம்பினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. பழைய கரகரப்பு இல்லை, அதைவிட மோசமானது.

"இன்னும் கொஞ்சம்ப்பா."

"இவ்ளோவா?"

"விட்றாதீங்க, அப்படியே புடிச்சுக்கங்க."

நேரம் முடியும்வரை ஒருவர் ஒயரைப் பிடித்திருக்க, ஒருவன் குமிழைத் திருகினான். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அப்பா கேட்டார்: "உடைஞ்சிருந்தாதான் சரியா அது?"

"ஆமாப்பா."

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க மேடையேறியிருப்பீங்களா?"

அடுத்த மேடை அவனுக்கு வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான்.

போன வாரம் அந்தப் பல் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவன் நினைவாக ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். மிக்ஸரைக் கொடுத்தால் போதும், வாசிக்க ஆள் இருக்கிறது என்றார். அப்பா உள்ளே போய் எடுத்துவந்தார். மூடியின் ஒரு மூலையில் ஸ்க்ரூ இல்லை. மேலே தூசி படிந்திருந்தது. எங்கள் வீட்டில் அவர் தூசி தட்டாமல் விட்டிருந்த ஒரே பொருள்.

"யாரும் இதத் துடைச்சிடக்கூடாது."

"சரிங்க சார்."

"சரி பண்றேன்னு எவனாவது கை வெச்சிடப் போறான்."

"மாட்டாங்க சார்."

அந்த அம்மா கையை நீட்டினார். அப்பா பெட்டியை விடவில்லை.

"அந்த ஒயர ரொம்ப அழுத்தினா வராது. லேசா விட்டாலும் வராது. உங்க ஆளுக்குப் புரியாதும்மா. நானே வரேன்."

"நீங்களுமா?" என்றாள் அம்மா உள்ளிருந்து.

அப்பாவின் கட்டைவிரல் மூன்றாவது குமிழை முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டிருந்தது.