நான் சொன்ன மரணச் செய்தி

மதியச் செய்திக்குப் பத்து நிமிடம் இருந்தது. சிலாவத்துறைக் கடற்கரையில் ஒலிவாங்கியோடு நின்றிருந்தேன். முதல் நாள் பின்னேரம் தொழிலுக்குப் போன படகொன்று திரும்பவில்லை. அதில் போனவர்கள் இருவர், மச்சானும் மச்சானும். கொண்டச்சிப் பக்கம் ஒரு படகு கவிழ்ந்து மிதந்ததைத் தூரத்திலிருந்து கண்டதாகக் காலையில் ஒரு மீனவர் சொல்லியிருந்தார். என் கையில் இருந்தது அவ்வளவுதான்.

நான் பாப்பாமோட்டையில் வயல் செய்கிற வீட்டுப் பெண். கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றுக்கு மன்னார்ச் செய்தியாளராகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கடல் எனக்குப் படிக்கத் தெரியாது. கரையில் நிற்பவர்களின் முகத்தைத்தான் படிப்பேன். அன்று யாரும் யாருடனும் பேசவில்லை.

செய்திப் பொறுப்பாளர் தொலைபேசியில் வந்தார்.

"மற்றச் சேனல்ல ரெண்டு பேரும் செத்திட்டினம் எண்டு போடுறாங்கள். நீங்கள் அங்க நிண்டு என்ன செய்யிறீங்கள்?"

"சேர், ஆக்களை இன்னும் காணேல்ல. படகைத்தான் கண்டிருக்கினம்."

"படகு கவிழ்ந்தா பிறகென்ன? இப்ப சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

அந்த மாதம் இரண்டு செய்திகளில் நான் பிந்தியிருந்தேன். மூன்றாவது தடவையும் பிந்தப் பயமாக இருந்தது. கமராக்காரர் விரல்களை மடக்கிக்கொண்டு வந்தார். கடைசி விரல் மடங்கியதும் சொன்னேன்: "கடலுக்குச் சென்ற இரு மீனவர்களும் உயிரிழந்துள்ளனர்." 'என அஞ்சப்படுகிறது' என்று சேர்த்திருந்தால்கூட ஒதுங்க ஓர் இடம் இருந்திருக்கும். அதையும் நான் சேர்க்கவில்லை.

கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. கரையில் நின்றவர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

அதன்பின் கடந்த மணித்தியாலங்களை இன்றும் என்னால் ஒழுங்காக நினைக்க முடிவதில்லை. தெரிந்தவர் எல்லோரையும் அழைத்தேன். ஓர் உடல் கிடைத்தால் நான் சொன்னது சரியாகிவிடும் என்று ஒரு கணம் மனம் நினைத்தது. அந்த நினைப்புக்காக வெட்கப்படாத நாள் இல்லை.

நாலு மணியளவில் அழைப்பு வந்தது. தெற்கே மீனவர்கள் தங்கும் ஒரு வாடியில் இருவரும் உயிரோடு இருந்தார்கள். கவிழ்ந்த படகைப் பிடித்தபடி மிதந்தவர்களை வேறொரு படகு ஏற்றியிருந்தது. கரை முழுவதும் சத்தம் போட்டது. பிறகு ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"'மீட்கப்பட்டனர்' எண்டு மட்டும் இரவைக்குச் சொல்லுங்கோ," என்றார் பொறுப்பாளர். "மத்தியானம் சொன்னதைக் கிளற வேண்டாம்."

மதியம் அலறல் கேட்ட வீட்டுக்குப் போகப் புறப்பட்டேன். கமராக்காரர் மறித்தார். "இப்ப போகாதேங்கோ. அடிச்சாலும் அடிப்பாங்கள்."

ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

அந்தப் பெண் கதிரையில் இருந்தார். படகில் போனவர்களில் ஒருவர் அவருடைய கணவர், மற்றவர் கூடப்பிறந்த தம்பி. செய்தி கேட்டு விழுந்ததில் நெற்றி வெடித்துப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"மத்தியானம் செய்தி சொன்னது நான்தான். பிழை விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தெரியும் தங்கச்சி. உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டுதான் நான் விழுந்தனான்." பிறகு கேட்டார்: "மௌத்து எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல."

வாசலில் ஓட்டோ சத்தம் கேட்டது. வேறு யாருடையதோ சேட்டுப் போட்டபடி கணவர் இறங்கினார், பின்னால் தம்பி. அந்தப் பெண் எழுந்து என்னை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

அன்றிரவு நேரலையில், இருவரும் மீட்கப்பட்டதைச் சொன்ன பின் ஒரு வசனம் சேர்த்தேன்: "இவர்கள் உயிரிழந்ததாக மதியம் நான் கூறியது பிழை. உறுதிப்படுத்தாமல் கூறினேன்."

அதற்காக இரண்டு மாதம் என்னை நேரலையில் விடவில்லை. குளங்கள், வீதிகள், பிரதேச சபைக் கூட்டங்கள் என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பொறுப்பாளர் நெடுநாள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

போன வருடம் மன்னார்ச் சந்தையில் அந்தக் கணவரைக் கண்டேன். அவர்தான் முதலில் கூப்பிட்டார். "நீங்கள் சாக்காட்டின ஆள் நான்தான்! பாருங்கோ, நல்லா இருக்கிறன்." பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

அவருடைய மனைவி சிரிக்கவில்லை. எனக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மரக்கறிப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.