முறுமுறுக்கக் கூடாத குளிர்காலம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் நாங்கள் வனாந்தரத்தில் இருந்தோம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த கிளென் ஈடனில், என் தங்கையின் வீட்டு ஹோலில், ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும். வெளியே மழை விடாது. ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கமாக வியர்த்து வழியும். ஏழெட்டுக் குடும்பங்கள், யாழ்ப்பாணத்து ஆட்களும் மன்னார் ஆட்களும், காஸ் ஹீட்டரைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட கதையைக் கிழமைக்குக் கிழமை கேட்டுக்கொண்டிருந்தோம்.

கதை சொன்னவர் தங்கையின் கணவர். அவர் பாஸ்டர் இல்லை. பகலில் பெயின்ட் தொழிற்சாலையில் வேலை. வேதத்தைத் திறந்தால் மட்டும் குரல் மாறிவிடும். மன்னாரிலிருந்து சண்டைக்குத் தப்பிப் படகில் அக்கரை போய், பிறகு இங்கே வந்தவர். படகில் மற்றவர்கள் அழுதார்களாம், ஓட்டியைத் திட்டினார்களாம். தான் ஒரு சொல்கூடக் குறை சொல்லாமல் ஜெபித்தபடியால்தான் கரை சேர்ந்தோம் என்று உறுதியாக நம்பினார். படகு ஓட்டினவனுக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்குமே என்று நான் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நெடுநாள் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் அவரோடு சண்டை பிடிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

வனாந்தரத்தில் அந்தச் சனங்கள் செய்த பெரிய பாவம் முறுமுறுப்பு என்பது அவருடைய பாடம். தண்ணீர் கசக்கிறது என்றார்கள், வானத்திலிருந்து தினமும் விழுந்த மன்னா அலுத்துவிட்டது என்றார்கள், எகிப்திலே வெள்ளரிக்காயும் வெங்காயமும் சாப்பிட்டோமே என்று ஏங்கினார்கள். அதனால்தான் வாக்குத்தத்த நாட்டைக் காணாமலே செத்தார்கள். வருடக்கணக்காக ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டால் நானும் வெங்காயம் கேட்டிருப்பேன். அதை மனதுக்குள் மட்டும் வைத்துக்கொண்டேன்.

அவர்தான் ஒரு நோன்பையும் கொண்டுவந்தார். வனாந்தரப் பாடம் முடியும்வரை ஒருவரும் எதைப் பற்றியும் குறை சொல்லக் கூடாது. குளிரை, வேலையை, வாடகையை, உடம்பை, எதையும். யாராவது தவறிப்போய்க் குறை சொன்னால் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து "எகிப்து" என்று சொல்ல வேண்டும். முதலில் அது நல்ல விளையாட்டாக இருந்தது. "சரியான குளிர்" என்று யாராவது தொடங்குவார். சுற்றியிருப்பவர்கள் "எகிப்து" என்று சிரிப்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதில் தனிக் கொண்டாட்டம். "ஈஜிப்ட், ஈஜிப்ட்" என்று ஓடித் திரிந்தார்கள்.

தங்கை அப்போது பிள்ளைத்தாச்சி. பல வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் வீட்டுக்கே வந்து பார்த்துப் போவாள். தலையிடி, கண் மங்கல், முகம் கால் வீக்கம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த முறை வரும்வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடு என்று சொல்லி, தன் நம்பரை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்.

அவள் வந்துபோன சில நாட்களிலேயே தங்கையின் கால் வீங்கத் தொடங்கியது. ஒரு ஞாயிறு அவள் சப்பாத்து வாசலில் சும்மா கிடந்தது. கணவரின் பெரிய செருப்பைப் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தாள். மோதிரம் விரலில் இறுகிக் கிடந்தது. குசினியில் வைத்து மெதுவாகக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். தலையிடிக்கிறதா என்று கேட்டேன். அவள் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது ஒரு சின்னப் பெட்டை எட்டிப் பார்த்து, "ஈஜிப்ட், ஆன்ட்டி" என்று சிரித்தது. தங்கையும் சிரித்தாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

அடுத்த நாள் போனில் எவ்வளவோ சொன்னேன். இத்தனை வருடம் கேட்டுக் கிடைத்த பிள்ளை, இப்போது போய் முறுமுறுத்துக் கெடுக்கவா என்று திருப்பிக் கேட்டாள். அவள் கணவருக்குப் பயந்து அப்படிச் சொல்லவில்லை. அவளே முழுமனதாக நம்பினாள்.

அதற்கடுத்த ஞாயிறு கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் முறுமுறுத்தவர்களைக் கடித்த பாடம். அது முடிந்ததும் தங்கை தேநீர் ஊற்ற எழுந்தாள். முகம் ஊதி, கண் சின்னதாகிப் போயிருந்தது. கோப்பைக்கு வெளியே, மேசை விரிப்பில் தேநீரை ஊற்றிக்கொண்டே நின்றாள். அவளுக்கு அது தெரியவில்லை. எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் எழுந்து குசினிக்குப் போனேன். கணவர் எனக்கு முன்னால் வந்து போனை மறித்து நின்றார். சத்தம் போடவில்லை. அவர் கண்களிலும் பயம்தான் இருந்தது.

"போன கிழமைதான் படிச்சனாங்கள், மச்சாள். சனத்தை நடத்தின ஊழியக்காரனுக்கு எதிராக் கதைச்ச அவன்ர சொந்த அக்காளுக்குக் குஷ்டம் பிடிச்சது."

"பிடிச்சால் பிடிக்கட்டும். விலகுங்கோ."

விலகினார். ஃபிரிட்ஜைப் பார்த்து நம்பரை அழுத்தினேன். மிட்வைஃப் என்னை இரண்டாவது வாக்கியம் சொல்ல விடவில்லை, அம்புலன்ஸ் அனுப்பினாள். அது வருவதற்குள் தங்கைக்கு வலிப்பு வந்துவிட்டது.

வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. மறுநாள் போய்விட்டான். கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை என்று டொக்டர் எங்கள் இருவருக்கும் முன்னால்தான் சொன்னார். அவளைக் காப்பாற்றிவிட்டோம் என்று அழுதேன். தங்கையின் கணவர் அழவில்லை. என்னைப் பார்த்தபடியே நின்றார்.

அடக்கத்துக்குப் பிறகு ஜெபக் கூட்டத்துக்கு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. வேதத்தில் குஷ்டத்தால் வெளியே வைக்கப்பட்ட அந்த அக்காள் குணமாகி வரும்வரை இஸ்ரவேலரின் முழுப் பாளையமும் பயணத்தை நிறுத்திக் காத்திருந்தது. என் பாளையம் காத்திருக்கவில்லை. தங்கையும் கணவரும் பாபகூராவுக்கு வீடு மாறிப் போனார்கள். கூட்டமும் அவர்களோடு அங்கே போனது.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து ஒருநாள் காலை, அவர் வேலைக்குப் போயிருந்த நேரம், தங்கை என்னைக் கூப்பிட்டாள். மழையில் கார் ஓட்டிக்கொண்டு பாபகூரா போனேன். கதவைத் திறந்தவள் மறுபடியும் பிள்ளைத்தாச்சி. நல்ல மாதமாகியிருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் காலைப் பார்த்தேன். கணவரின் செருப்புத்தான். அதற்குள்ளும் கால் பிதுங்கியது.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கை சுட்டது.

"அக்கா, போன முறை நீங்கள் முறுமுறுத்தபடியால்தான் பிள்ளை போனது. உங்களில எனக்குக் கோபம் இல்லை. இந்த முறை மட்டும் வாய் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஓம் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்லிக் குசினிக்குப் போனேன். ஃபிரிட்ஜில் புது மிட்வைஃபின் நம்பர் ஒட்டியிருந்தது. எழுதிக்கொள்ளக் கைப்பையில் பேனை இல்லை. காருக்குப் போகும்வரை அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். பிறகு, சந்தியில் ஒரு டெலிபோன் பூத்தைக் கண்டு காரை நிறுத்தும்வரையும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.