புளி போட்டு விளக்கிய அமெரிக்கத் துவக்கு

மாப்பிள்ளையாக வந்தவர் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த சாமான் இரண்டே இரண்டு. ஒன்று, பூட்டு உடைந்த சூட்கேஸ். மற்றது, படுக்கை விரிப்பால் சுற்றி மூன்று இடத்தில் கயிறு கட்டிய ஒரு நீளப் பொதி. என் தங்கச்சி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ராத்தா, மச்சான் ஜன்னலுக்குச் சீலை போடுற கம்பி கொண்டந்திரிக்கார்" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கும் சந்தோஷம்தான். கம்பி இல்லாமல் ஜன்னலில் நூல் கட்டித்தான் சீலை தொங்கவிட்டிருந்தோம். மறுநாள் காலையில் அவிழ்த்துப் பார்த்தால், சுபுஹானல்லாஹ், உள்ளே சுடுகிற துவக்கு!

எங்கள் கல்முனைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கட்டிவைப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே வீடு என் பெயரில். வளவு, கிணறு, மூன்று தென்னை, குசினியில் கிடக்கிற அம்மி வரைக்கும் என்னுடையது. வாயும் என்னுடையதுதான். அது எங்கள் உம்மா வழியாக வந்தது, அதற்கு உறுதிப்பத்திரம் எழுதவில்லை.

அவர் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் மெஷின் பார்ப்பவர். ஆனால் இளந்தாரியாக இருந்த காலத்தில் அவருக்கு இன்னொரு பித்தும் இருந்திருக்கிறது. பழைய அமெரிக்கத் துவக்குகளை வாங்குவது, வைத்திருந்து அழகு பார்ப்பது, பிறகு மனமில்லாமல் விற்பது. மலைநாட்டில் துரைமாருடைய பங்களாவைக் காலிசெய்து ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறிவிடுவாராம். மற்றவர்கள் கட்டிலுக்கும் கண்ணாடி அலுமாரிக்கும் விலை கேட்க, இவர் கதவு மூலையில் துருப்பிடித்துச் சாய்ந்திருப்பதைக் கேட்பாராம். வாங்கியதற்கு அனுமதிப்பத்திரம் எடுத்து, உள்ளே எண்ணெய் விட்டு ஓடப்பண்ணி, கொழும்பில் இப்படிச் சேர்த்து வைக்கிறவர்களுக்குக் கொடுப்பாராம். இங்கிலாந்துச் சாமானை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"இங்கிலீஸ்காரன்ட துவக்கு பழுதாப் போனா அவனிட்டத்தான் கொண்டு போகணும், புள்ள. அமெரிக்கக்காரன் வயல்காரனுக்கெண்டு செஞ்சது. ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தாப் போதும், வரம்புல குந்திக்கிட்டே கழட்டிப் பூட்டலாம்."

தொண்ணூறுகள் பிறந்ததும் நாட்டு நிலைமை கெட்டது. சுடக்கூடிய துவக்கையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். தன் உம்மா வீட்டில் வைத்திருந்த இரண்டையும் அவர் பொலிசில் கொடுத்துவிட்டு வந்து அன்றைக்குப் பகல் முழுக்கச் சோறு தின்னவில்லை. எங்கள் வீட்டில் கிடந்தது மட்டும் தப்பியது. அது நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கிழம். அதற்குப் போடுகிற தோட்டாவை இப்போது உலகத்தில் எவரும் செய்வதில்லையாம். பொலிசில் இருந்த ஒரு அதிகாரி உள்ளே தோட்டாவைக் குத்துகிற ஊசியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, 'இது சுடாது, அலங்காரப் பொருள்' என்று சிங்களத்தில் கடிதம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை நான் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு பொலித்தீன் பையில் போட்டு வைத்தேன்.

அதற்கு உடம்பு பித்தளை, குழாய் எட்டுப் பட்டை இரும்பு. விசைக்குக் கீழே நாலு விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையம். அந்த வளையத்தைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் உள்ளே என்னென்னவோ ஏறி இறங்கி 'கிளக்' என்று ஒரு சத்தம் வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால், சாப்பிட உட்காருமுன் ஒரு தரம் இழுத்துத் தள்ளிக் காது கொடுத்துக் கேட்பார். அப்போதுதான் மனிசனுக்குப் பசிக்கும். பித்தளை என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கருப்பட்டி நிறத்தில் ஒரு அழுக்கு.

அழுக்கோடு கிடந்தாலும் பரவாயில்லை. பயம் அல்லவா என்னைத் தின்றது! அந்த வருஷங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் ராணுவச் சுற்றிவளைப்பு வரும். விடிந்ததும் ஆமிக்காரர் வீடு வீடாக ஏறுவார்கள். அவர்கள் கேட்கிற கேள்வியில் ஒரு சிங்களச் சொல் எனக்குப் பாடமாகிவிட்டது. 'காகெத?' யாருடையது? வீடு காகெத? 'மகே.' என்னுடையது. அலுமாரி காகெத? மகே. தையல் மெஷின்? மகே. கடைசியில் அலுமாரிக்குப் பின்னாலிருந்து துவக்கை இழுத்தெடுத்துக் 'காகெத?' என்று கேட்கும்போது குரலே மாறிவிடும். நான் இரண்டு கையையும் விரித்து, ஒருத்தருடையதும் இல்லை ஐயா, பழைய சாமான், சும்மா கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிக் கடிதத்தை நீட்டுவேன். அவர் பக்கத்தில் நின்று துவக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரைக்கும் நான் தெரிந்ததையெல்லாம் ஓதிக்கொண்டிருப்பேன்.

நாலைந்து வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"இஞ்சேருங்க, ஒண்டு அந்தச் சக்களத்தி இந்த ஊட்டுல இரிக்கணும், இல்லாட்டி நான் இரிக்கணும்."

"ஊடு உண்ட. நீ எங்க புள்ள போற?" என்றார். வீடு என்னுடையதாம், எனக்கே ஞாபகப்படுத்துகிறார்!

"அப்ப அவளை அனுப்புங்க!"

கொழும்பிலே முன்பு இவரிடம் வாங்கிய ஒருவர் இருந்தார். தேயிலைத் தோட்டத்தில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், வைத்திருப்பதற்கு முறையான அனுமதி உள்ளவர். நாங்கள் அவரைத் துரை என்றுதான் சொல்லிக்கொள்வோம். அவருக்கு இவர் எழுதினார். பதினைந்து நாளில் பதில் வந்தது. இங்கிலீசில் இரண்டு பக்கம் நெருக்கி எழுதியிருந்தது. இவர் அதை எனக்கு ஒரே மூச்சில் வாசித்துக் காட்டினார்: "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ரெண்டு நாளைக்கு முதல் வாறாராம். பார்த்துட்டுக் கையோட எடுத்துட்டுப் போறாராம்." இரண்டு பக்கத்தில் இவ்வளவுதானா இருந்தது என்று எனக்குப் பட்டது. ஆனாலும் போகப்போகிறதே என்ற சந்தோஷத்தில் மேலே கேட்கவில்லை.

பெருநாள் வருகிறது என்றால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு என்ன வேலை என்று சொல்லத் தேவையில்லை. வீட்டிலுள்ள பித்தளை எல்லாம் கிணற்றடிக்கு வரும். வெற்றிலை வட்டா, படிக்கம், செம்பு, குத்துவிளக்கு மாதிரி உயர்ந்த பெரிய தட்டுக்கால், எல்லாவற்றையும் பழப்புளி பூசி ஊறவைத்து, சாம்பலும் தென்னந்தும்பும் போட்டுத் தேய்ப்போம். துரை வருவதற்கு முதல்நாள் நான் அந்த வேலையில்தான் இருந்தேன். படிக்கத்தைத் தேய்த்து முடித்தபோது ஒரு யோசனை வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிசர் வருகிறார். அவர் கையில் இந்தக் கருப்பட்டியையா கொடுப்பது? துப்புரவில்லாத வீடு என்றல்லவா நினைப்பார்!

பிஸ்மி சொல்லித் துவக்கையும் கிணற்றடிக்குக் கொண்டுவந்து புளியைப் பூசினேன்.

பாதி தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவர் ஆலையிலிருந்து வந்துவிட்டார். சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சரி, இன்றைக்கு ஏச்சுத்தான் என்று நானும் பதில் ஏச்சுக்கு ஆயத்தமானேன். அவர் ஏசவில்லை. கிட்ட வந்து, குனிந்து பார்த்தார்.

"கழுத்துப் பக்கம் இன்னும் கறுப்பு இரிக்கி, புள்ள."

"புளி முடிஞ்சி."

குசினிக்குள் போனவர் ஒரு பெரிய உருண்டைப் புளியோடு வந்தார். தண்ணீர் அள்ளி ஊற்றினார். எழுத்து வெட்டியிருந்த இடத்தைக் காட்டி, "இதுலயும் நல்லா அழுத்து" என்றார். விற்க மனம் ஒப்பிவிட்டது பாவம் என்று எனக்கு இரக்கம் வந்து, வேலை முடிந்ததும் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மரப்பிடிக்குத் தேங்காயெண்ணெயும் பூசினேன். வெயிலில் சாத்தி வைத்தபோது அது மின்னிய மின்னலில் கோழிகள் கிட்ட வரவில்லை.

மறுநாள் துரை வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பூதக்கண்ணாடி. சர்பத் குடித்தார், பெரிய மேசையில் ஒரு துணி விரித்தார். நான் தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு, குசினி வாசலில் நின்று, பாராட்டு வருமென்று காத்திருந்தேன். இவர் பொதியை அவிழ்த்தார். துரை பார்த்தார். பிறகு மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோகவேயில்லை.

"யார் இந்த வேலையைச் செய்தது?"

"நான்தான்" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு!

துரை நல்ல மனிதர், கோபப்படவில்லை. அழாத குறையாக விளக்கிச் சொன்னார். பழைய துவக்குச் சேர்க்கிறவர்கள் வாங்குவது துவக்கையல்ல, அதன் மேல் நூறு வருஷமாகப் படிந்த அந்த நிறத்தைத்தானாம். எத்தனையோ கைபட்டு, காற்றுப்பட்டு வந்த கறுப்பாம் அது. ஒருமுறை தேய்த்துவிட்டால் திரும்ப வராதாம். தொழிற்சாலைக்காரன் வெட்டிய எழுத்தும் பாதி மழுங்கிவிட்டதாம். இனி எந்தச் சேகரிப்புக்காரனும் இதைத் தொடமாட்டானாம். அழுக்குக்கா இவ்வளவு மதிப்பு, யா அல்லாஹ்!

அதற்குப் பிறகுதான் துரை இவர் பக்கம் திரும்பினார்.

"நான் கடிதத்தில் எழுதியிருந்தேனே. ஒரு துணியால்கூடத் துடைக்க வேண்டாம், வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள் என்று. அடியில் கோடு போட்டும் எழுதினேனே."

நான் இவரைப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுகூட இருக்கவில்லை.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? பகல் சாப்பாடு கொடுத்து, ஒரு சட்டி எருமைத்தயிரும் கட்டிக்கொடுத்து அனுப்பினோம். துவக்குக்கு வந்தவர் தயிரோடு போனார். வேன் தெருமுனை திரும்பும் வரைக்கும் சிரித்த முகத்தோடு கையாட்டினேன். திரும்பியதும் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"புளி எடுத்துத் தந்தீங்களே! தண்ணி ஊத்தினீங்களே! எண்ட நகத்தைப் பாருங்க!"

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "விக்க மாட்டன் எண்டு சொன்னா நீ உடுவியா?"

"உடமாட்டன்!"

"அதான்."

"ஒரு பழைய இரும்புக்கு இவ்வளவு கள்ளத்தனமா? வெக்கமில்லையா?"

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். துவக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கட்டில் உண்ட. கதிரை உண்ட. நான் தண்ணி குடிக்கிற கிளாசு உங்கும்மா தந்தது. இந்த ஊட்டுல எண்ட எண்டு சொல்ல இது ஒண்டுதான் புள்ள கிடக்கு."

"அப்ப நான் ஆருட?" என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன். குரல் ஏன் அப்படி உடைந்தது என்று தெரியவில்லை.

"நீ எப்பயும் உங்கும்மாட மகள்தானே" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குசினிக்குள் போய்ச் சட்டி கழுவினேன். அப்போது ஒன்று நினைவு வந்தது. இந்த மனிசன் கலியாணம் முடித்து வந்து எட்டு வருஷம். இந்த வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டவேண்டுமென்றாலும் என்னிடம் வந்து, "இதுல ஒரு ஆணி அடிக்கட்டா, புள்ள?" என்று கேட்டுத்தான் அடிப்பார். எட்டு வருஷமும் கேட்டிருக்கிறார். நானும் ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்த்து யோசித்து, ஓம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லியிருக்கிறேன். அது எனக்கு ஒருநாளும் ஒரு விஷயமாகத் தெரிந்ததில்லை. சட்டியைப் போட்டுவிட்டு வந்தேன். வெட்கம் எனக்குத்தான்.

"சுத்தியலை எடுங்க. ரெண்டு ஆணி அடிச்சி அதை முன் சுவர்ல மாட்டுங்க. ஒளிச்சு வெச்சாத்தானே சந்தேகம்."

சுத்தியலோடு வந்து நின்றார். "எங்க புள்ள அடிக்கட்டும்?"

"கேக்காம அடிங்க!"

கோணலாகத்தான் அடித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அல்லாஹ் அறிவான், அதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பொறுமை.

பெருநாள் கழிந்து ஒரு மாதமிருக்கும், சுற்றிவளைப்பு வந்தது. ஒரு இளம் ஆமிக்காரன் உள்ளே நுழைந்ததும் கண் நேராகச் சுவருக்குப் போனது. அவர் போய்ப் பொலித்தீன் பையிலிருந்து கடிதத்தை எடுத்துவந்தார். அவன் கிட்டப்போனான், பித்தளையில் தன் முகத்தைப் பார்த்தான், தொப்பியைச் சரிசெய்துகொண்டான். வட்டாவையும் படிக்கத்தையும் பார்த்தான். எல்லாம் ஒரே மினுக்கம். பிறகு திரும்பி, குரல் மாறாமல், சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"மே காகெத?"

வழக்கம்போல இரண்டு கையும் விரியப் பார்த்தது. மடக்கிக்கொண்டேன். பக்கத்தில் கடிதத்தை நீட்டியபடி நின்றவரைக் காட்டி, "மே மஹத்தயாகே" என்றேன். இந்த ஐயாவுடையது.

ஆமிக்காரன் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனான். அவர் கடிதத்தைப் பொலித்தீன் பையில் திரும்பப் போடாமல், நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.